நனையக் கூடாத கல்

எங்கள் பாலைவனக் கல்வெளியில் அந்த வருஷம் மழை வேண்டாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைக்கிறவன் வேறென்ன நினைப்பான்? வானம் மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கூடாரம் கூடாரமாகத் தண்ணீர் ஊற்றித்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் அதை நான் வெளியில் சொன்னதில்லை. சொன்னால் பெண்கள் என் தாடியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆடு மேய்க்கிற ஸைத் மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் புத்தி அப்படி.

அவனுக்குக் காரணம் இருந்தது. பெருநாள் கழிந்த வாரம், ஒருநாள் அந்தியில், தெற்கு வானத்திலிருந்து ஒரு நெருப்பு கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போய் வெடித்தது. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மறுநாள் பார்த்தால் எங்கெங்கிருந்தோ மோட்டார் சைக்கிள்கள். வானத்துக் கல் விழுந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு வேலை ஓடாது. தடி நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு, வரிசை போட்டு, குனிந்த தலை நிமிராமல் கல்வெளியைச் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். பெரிய விலை கொடுத்துக் கல்லை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மழை படாத கல்லுக்குத்தான் மதிப்பு. ஈரம் பட்டுவிட்டால் உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடித்து, கல் செத்துப்போகுமாம். அதனால் தேடுகிறவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் சும்மா இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வாரங்கள் போயின. யாருக்கோ ஒன்றிரண்டு கல் அகப்பட்டது என்று பேச்சு அடிபட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. கல் எடுத்தவன் வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் மறுநாள் அந்த இடத்தில் நூறு பேர் நிற்பார்கள். மற்றவர்கள் சலித்துப்போய் அவரவர் ஆட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். ஸைத் திரும்பவில்லை. விடிந்தால் தடியை எடுத்துக்கொண்டு போனான், இருட்டினால் வந்தான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

மந்தை அவன் மனைவி தூதாவின் தலையில் விழுந்தது. அதில் பாதிக்கு மேல் அவளுடைய சொந்த ஆடுகள். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஆறேழு பெட்டை ஆடுகளின் வழி வந்தவை. அவற்றை விற்க வேண்டுமென்றாலும் கொடுக்க வேண்டுமென்றாலும் அவள் வாயால் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களிடம் அதுதான் முறை. காலையில் தணலில் ரொட்டியைப் புதைத்து எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு புறப்பட்டாள் என்றால், மேய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த வெளியில் அவளும் ஆடுகளுமாக அலைந்து தேய்ந்து சாயங்காலம் வருவார்கள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தால் மனசு கேட்காது. ஒரு குடம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போவேன்.

அவளுடைய அண்ணன் யீதிர் அல்னிஃப் மலையில் கல்லுப்பூச்சி வெட்டுகிறவன். பாறைக்குள்ளே பாறையாகிக் கிடக்கும் ஆதிகாலத்துப் பூச்சிகளை அப்படித்தான் சொல்வோம். தங்கையைப் பார்க்க என் லாரியில் தொற்றிக்கொண்டு வருவான். அவனிடம் ஒரு பழக்கம். எந்தக் கல் கையில் கிடைத்தாலும் முதலில் நாக்கால் நக்குவான். ஈரம் பட்டால்தான் உள்ளே இருக்கிற பூச்சியின் கோடு எழும்பும். பசை வைத்து ஒட்டிய போலிப் பூச்சியாக இருந்தாலும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை நாங்கள் போனபோது ஸைத் கூடாரத்து வாசலில் சாக்கை உதறிக் கற்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, இன்னைக்கும் மலையப் பேத்துக் கொண்டாந்துட்டியா?" என்றான் யீதிர்.

"சிரிக்காத மச்சான். இத மட்டும் பாரு. கருப்பா இருக்கா? காந்தம் ஒட்டுதா?"

"எங்க வீட்டு ஆணியும்தான் காந்தத்துல ஒட்டும்."

"கனத்தப் பாரு."

"கனமாத்தான் இருக்கு. கருப்புலயும் ரெண்டு கருப்பு இருக்குடா. வெயில்ல கெடந்து கருத்தது கல்லோட ஊறிப் போயிருக்கும். வானத்துக் கல்லு அப்படியில்ல. சட்டியடியில கரி புடிச்ச மாதிரி மேலாக்க மெல்லிசாத்தான் கருத்திருக்கும். உடைஞ்ச எடத்துல பாத்தா உள்ள சிமெண்டு நெறம். களிமண்ணப் பெருவெரலால அமுக்கினாப்புல அங்கங்க குழி இருக்கும். இதுல என்ன இருக்கு? சும்மா இரும்புக் கல்லு. வேணும்னா நக்கிப் பாத்துச் சொல்றேன்."

"அய்யோ, நாக்க உள்ள இழு! ஈரம் பட்டாப் போச்சு."

அப்போதுதான் தூதா வந்தாள். கையில் ஒரு குட்டி. தலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தினாள்.

"ஈரமே படாம இது போயிருச்சு. இதுக்கு என்ன மதிப்புன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

நான் குழாயைச் சொருகுகிற சாக்கில் லாரிப் பக்கம் நகர்ந்தேன். அவள் விடவில்லை.

"ஹம்மாதண்ணே, நீங்களும் கேட்டுக்கங்க. வியாழக்கிழமை மணப்பொண்ணத் தூக்குறோம். லாரியக் கொண்டாந்துருங்க."

மழை கேட்டு நடத்துகிற சடங்கு அது. பெரிய மரக்கரண்டிக்குச் சேலையும் முக்காடும் கட்டி, கண் எழுதி, மணப்பெண்ணாக்கிக் கூடாரம் கூடாரமாகப் பாட்டுப் பாடித் தூக்கிப்போவார்கள். எல்லா வாசலிலும் அவள் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். வழியில் எதிர்ப்படுகிறவன் ஹாஜியாரானாலும் சரி, அவனையும் தலையோடு நனைக்காமல் விடமாட்டார்கள். ஒருத்தனைக் காயவிட்டால் மழை நம்மைக் காயவிட்டுவிடும் என்று நம்பிக்கை.

ஸைத் எழுந்து நின்றுவிட்டான். "வியாழக்கிழமையா? இன்னும் ஒரு பத்து நாள் பொறுங்கடி. எனக்குக் கல்லு கெடைக்கப்போகுது, மனசு சொல்லுது."

"நீ பொறுப்ப. ஆடு பொறுக்குமா?"

"கல்லு கெடச்சா ஆடு எதுக்கு? ரிஸ்ஸானியில வீடு பாத்துரலாம். குழாயத் தொறந்தாத் தண்ணி கொட்டும்."

"பாலும் கொட்டுமா?"

"ஒனக்கு ஆட்டுப் புழுக்கையத் தவிர ஒண்ணும் தெரியாது."

"அதாவது தெரியுதே. கல்லு தெரியும்னு சொல்லிட்டுக் கண்டதையும் பொறுக்கிட்டு வரலையே நான்."

யீதிர் சிரித்துவிட்டான். ஸைத் தடியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டான். எங்களுக்கு ஊற்றிய டீ ஆறிப்போனது. தூதா அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு புதைக்கப் போனாள், நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை.

புதன்கிழமை ஸைத் சாலையில் என்னை மறித்தான். ஆள் வேறு மாதிரி இருந்தான். முகத்தில் ஒரு மினுமினுப்பு.

"ண்ணே, நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு மச்சானக் கூட்டிட்டு வந்துருங்க. கட்டாயம்."

"என்னடா விஷயம்? கெடச்சுருச்சா?"

"கூட்டிட்டு வாங்கன்னா வாங்களேன். நாளைக்கு ஆட்ட நானே பாத்துக்கிறேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். நிம்மதியாப் போய்க் கரண்டியத் தூக்கட்டும்."

மறுநாள் நானும் யீதிரும் போய்ச் சேர்ந்தபோது தூதா குளித்து, மருதாணி வைத்து, வெள்ளிக் காப்பெல்லாம் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். "அவுகளே ஓட்டிட்டுப் போயிட்டாகண்ணே, விடியறதுக்கு முன்னால. நான் கேக்கவே இல்ல" என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்வதில் அவளுக்கு எவ்வளவு பெருமை! கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெண்கள் என் லாரியில் வாளி வாளியாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தூதா மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் முதல் ஆளாக நனைந்தேன். யீதிர் ஓடப் பார்த்தான், ரெக்கியா என்ற பெரியவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வாளியைக் கவிழ்த்தாள். பாட்டும் குலவையுமாக மூன்றாவது கூடாரத்தைத் தாண்டும்போது, மேட்டிலிருந்து ஸைத் இறங்கி வந்தான். தலையில் கவிழ்த்துக்கொள்ளப் பை மாதிரித் தலைமூடி வைத்த வெள்ளை அங்கி போட்டிருந்தான், தூதா நெய்தது. தலைமூடி பின்பக்கம் கனமாகத் தொங்கியது. அதற்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

பெண்களைப் பார்த்ததும் நின்றான். பிறகு திரும்பி ஓட ஆரம்பித்தான்.

"ஏய், மாப்பிள்ள ஓடுறாரு! புடிங்கடி!"

மணப்பெண்ணைக் கண்டு ஓடுவதா? ரெக்கியாவும் இன்னும் நாலு பேரும் பாய்ந்து சுற்றி வளைத்துவிட்டார்கள். ஸைத் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தலைமூடியை அணைத்துக்கொண்டான்.

"வேணாம் ரெக்கியாக்கா. காய்ச்சல் அடிக்குது எனக்கு. வேணாம்."

"காய்ச்சலுக்குத் தண்ணிதான் மருந்து. தூதா, வாடி. ஒம்புருஷன், நீயே ஊத்து."

தூதா வந்தாள். ஸைத் அவளைக் கண்ணாலேயே கெஞ்சினான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் வாயைத் திறந்து சொல்லமுடியாது. அங்கே நின்ற ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு தேடுகிறவன் இருந்தான். தூதாவுக்கும் புரிந்துவிட்டது. வாளியைப் பிடித்த கை ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன். பிறகு அவள் சுற்றிலும் நின்ற பெண்களைப் பார்த்தாள். எல்லாரும் அவள் மாதிரியே ஆட்டைச் சாகக் கொடுத்தவர்கள்.

"பிஸ்மில்லா" என்று சொல்லி அவன் தலையோடு ஊற்றினாள்.

குலவை கிளம்பியது, பாதியிலேயே நின்றது. ஸைத்தின் முதுகில் தலைமூடியிலிருந்து கருப்பாக ஒரு கோடு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. வெள்ளை அங்கி முழுக்கக் கருப்பு வழிந்து, குதிகாலில் சொட்டியது.

யாரோ ஒருத்தி, "இந்தாளுக்கு என்னடி, மை ஒழுகுது?" என்றாள்.

யீதிர்தான் போய்த் தலைமூடிக்குள் கையை விட்டு அதை எடுத்தான். இரண்டு கைப்பிடி அளவுக் கல். பாதி கருப்பு, பாதி சாம்பல். பெருவிரல் குழியெல்லாம் அழகாகக் குடைந்திருந்தது. அவன் வழக்கப்படி நாக்கில் வைத்தான்.

"இனிக்குதுடா மாப்ளே" என்றான். "வானத்துலருந்து விழுந்த கல்லு இனிக்குமா?"

நான் வாங்கி மோந்து பார்த்தேன். ஓதுகிற பள்ளியில் பலகையில் எழுதுவோமே, கம்பளியைக் கருக்கிச் செய்கிற மை, அதே வாடை. எழுதியதைக் கழுவினால் போய்விடும் மை அது. சர்க்கரைப் பாகைக் கலந்து பளபளப்பு ஏற்றியிருக்கிறான் எவனோ. உள்ளே இருந்தது காந்தம் ஒட்டுகிற சாதாரணக் கல். தேடுகிறவன் எவனும் வானத்துக் கல்லில் தண்ணீர் விடமாட்டான் என்ற தைரியம்தானே அவனுக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லைத் தூக்கி எறிந்தேன்.

தூதா கல்லைப் பார்க்கவே இல்லை.

"எவன்கிட்ட வாங்குன?"

"தெரியாத ஆளு. வண்டியோட வந்தான், அவனுக்கு அவசரமாம். மச்சான்கிட்ட காட்டிட்டு வாங்கலாம்னுதான்... அவன் நிக்கமாட்டேன்னுட்டான்."

"என்ன குடுத்த?"

ஸைத் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கையிலும் கருப்பு.

"ஆடு எங்க?" என்றாள் தூதா.

"மத்ததெல்லாம் பள்ளத்துல நிக்குது."

"மத்ததெல்லாம்னா?"

"பாலாடு மட்டுந்தான் கேட்டான்."

"எது எது? பேரச் சொல்லு."

"சாம்பலி. ஒத்தக்கொம்பி. வெள்ளக்காதியும் அது தங்கச்சியும்..."

அவன் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். எல்லாம் அவளுடைய ஆடுகள். கடைசிப் பெயர் வந்ததும், மணப்பெண்ணை ரெக்கியா கையில் கொடுத்தாள்.

"நீங்க தூக்கிட்டுப் போங்கக்கா. பாதியில நிறுத்தக் கூடாது." என்னிடம் திரும்பினாள். "இன்னைக்கு ரிஸ்ஸானிச் சந்தை இல்லையாண்ணே?"

ஆமாம், வியாழன் சந்தை. ஏமாற்றி வாங்கிய ஆட்டை வேறெங்கே கொண்டுபோவான்? ஆனால் தண்ணீர் நிறைந்த டாங்கியோடு அந்தப் பாதையில் என் லாரி மாட்டுவண்டிதான். ஒரு நிமிஷம் யோசித்தேன், யோசித்ததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறகு அடி வால்வைத் திறந்துவிட்டேன். பெண்கள் குடம், சட்டி, கெட்டில் என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டு ஓடிவந்தார்கள். மிச்சம் தரையில் ஓடியது, தரை அதைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டது.

முன்னிருக்கையில் நானும் யீதிரும் தூதாவும். ஸைத் பின்னால் டாங்கியின் மேல் ஏறித் தொற்றிக்கொண்டான், உள்ளே இடமில்லை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே ஏறினான். வழி முழுக்கத் தூதா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "வேகமாப் போங்கண்ணே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. யீதிர் மட்டும் தொடையில் குத்திக்குத்தி, "என்கிட்ட ஒரு நக்கு நக்கக் குடுத்திருந்தா... ஒரு நக்கு" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

சந்தை கலைகிற நேரம். ஆட்டுத்தொழுவத்தில் புழுதி கண்ணை மறைத்தது. நூற்றுக்கணக்கில் ஆடுகள், புழுதி படிந்து எல்லாம் ஒரே நிறம். எதை என்று பார்ப்பது? தூதா ஒரு கல்மேல் ஏறி நின்று, இரண்டு விரலை உதட்டில் வைத்து ஒரு குரல் கொடுத்தாள். மேய்ச்சலில் சாயங்காலம் கொடுப்பாளே, அந்தக் குரல். மூலையில் ஒரு கூட்டம் தலையைத் தூக்கியது. அடுத்த குரலுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடுப்பைத் தாண்டப் பார்த்தன. சாம்பலி கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸாலெம் என்ற ஆட்டுத் தரகர் எழுந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"தாயி, ஒன் ஆடுதான், ஒத்துக்கிறேன். குருடனுக்கும் தெரியும். ஆனா நான் காலையில ரெண்டு சாட்சி வச்சு வாங்கினேன். வித்தவன், ஒன் புருஷன் மனசாரக் குடுத்தான்னு சத்தியம் பண்ணினான்."

கூட்டம் சேர்ந்தது. சந்தை அமீனைக் கூட்டிவந்தார்கள். தகராறு எதுவானாலும் அவர் சொல்தான் அங்கே முடிவு. ஒல்லியான மனிதர், கோபமே வராத குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸைத்தை முன்னால் கூப்பிட்டார். அந்தக் கருப்பு வழிந்த அங்கியோடு அவன் போய் நின்றான். சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது.

"பாரு தம்பி. கல்லு பொய்யாப் போச்சுங்கிறது ஒன் கண்ணோட குத்தம். கண்ண மூடிட்டு யாவாரம் பண்ணினவனுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆடு ஒன்னோடதுன்னா, இல்ல ஒம்பொண்டாட்டி சம்மதத்தோட குடுத்ததுன்னா, யாவாரம் நிக்கும், ஸாலெம் ஓட்டிட்டுப் போயிருவாரு. களவு போன ஆடுன்னா, வந்த எடத்துக்குத் திரும்பிரும். வித்தவனத் தேடிப் புடிக்கிறது ஸாலெம் பாடு. ஆனா ஒண்ணு. களவாண்டேன்னு தன் வாயால சொன்னவன் இனிமே இந்தச் சந்தையில ஒரு ஆட்டுக்கும் சாட்சி நிக்க முடியாது. அவன் கைய யாரும் யாவாரத்துக்குத் தொடமாட்டாக. யோசிச்சுச் சொல்லு."

அது எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவன் அப்பாவும் அந்தச் சந்தையில்தான் ஆடு விற்றார். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த நேரத்தில் வடிந்துவிட்டது. இருபது முப்பது தெரிந்த முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆடிக்கொண்டே இருக்கும் அவன் கால் ஆடவில்லை.

தூதா அவனுக்கு ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. தடுப்புக்குள் கையை விட்டுச் சாம்பலியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஆடுதான்" என்றான் ஸைத். குரல் எழும்பவில்லை. அமீன், "எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு" என்றார்.

"என் பொண்டாட்டி ஆடு. அவளக் கேக்கல. மேய்க்கிறேன்னு பொய் சொல்லிட்டு, அவ மழைக்குத் தண்ணி சுமக்கப் போன நேரத்துல ஓட்டிட்டுப் போயி அந்தக் கல்லுக்காரனுக்குக் குடுத்துட்டேன்." மூச்சு வாங்கினான். "நான் களவாண்ட ஆடு."

அமீன் தலையை அசைத்தார். ஸாலெம் காறித் துப்பிவிட்டு, அந்தக் கல்லுக்காரனின் முகம் எனக்கு மறக்காது என்று சொல்லிக்கொண்டே தடுப்பை அவிழ்த்தார். ஆடுகள் தூதாவைச் சுற்றிக்கொண்டன. கூட்டம் கலைந்தபோது, எப்போது பார்த்தாலும் ஸைத்தைக் கட்டிப்பிடித்து நலம் விசாரிக்கிற இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள், கை நீட்டவில்லை.

லாரியில் ஆட்டை ஏற்றமுடியாது. நடைதான். வெயில் தாழ்ந்ததும் அண்ணனும் தங்கையும் ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன், இருட்டினால் விளக்குப் போடலாமென்று. ஸைத் கொஞ்ச தூரம் தள்ளியே நடந்து வந்தான். ஊரெல்லை தாண்டியதும் அவனால் தாங்கமுடியவில்லை. ஓடிவந்து அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டான்.

"ஏதாவது திட்டேன், தூதா. ரெண்டு அடியாவது அடி. இப்படிப் பேசாம வந்தா எப்படி?"

அவள் ஆட்டை விரட்டிக்கொண்டே நடந்தாள். பின்தங்கிய ஒன்றைத் தட்டிவிட்டுப் பேசினாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கமுடியாமல் இருந்தது.

"இத்தன நாள் நீ அலைஞ்சத நான் பாக்கலையா? ராத்திரி தூங்காமப் பொரண்டதப் பாக்கலையா? என்கிட்ட வந்து, தூதா, ஒரு கல்லு வந்திருக்கு, ஆடு குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பொய்க் கல்லா இருந்தாலும் குடுத்திருப்பேன். பாலாட்ட மட்டுமில்ல, மந்தையவே குடுத்திருப்பேன். நீ கேக்கல."

ஸைத் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் பிரேக்கை மிதித்தேன். யீதிர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆடுகள் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை.